இறால் ஓடும் காயக் கட்டும்: நான் பாதியில் விட்ட பாடம்

மண்டபம் பகுதியில், மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகம் பாடம் நடத்தியபோது, "நாம் குப்பையில் கொட்டும் இறால் ஓட்டிலிருந்து காயத்துக்குக் கட்டு செய்கிறார்கள்" என்று சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

நான்கு நாள் கழித்து ஒரு மாணவன் நொண்டிக்கொண்டு வந்தான். சிப்பி கிழித்த காலில் இறால் ஓட்டை அரைத்துக் கட்டியிருந்தான். பாதம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். புண்ணைச் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். கால் குணமாகிவிட்டது. நான் சொல்லாமல் விட்ட மறுபாதியை அடுத்த வகுப்பிலேயே நடத்தினேன்.

இறால், நண்டின் புறச்சட்டகத்தில் கைட்டின், புரதம், கால்சியம் கார்பனேட் ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு புரதத்தை நீக்குகிறது. எஞ்சும் கைட்டினை அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் அதன் அசிட்டைல் தொகுதிகள் நீங்கிக் கைட்டோசான் கிடைக்கும். அமிலத்தில் கரைந்த கைட்டோசான் நேர்மின் சுமை பெறும். இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின் சுமை உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்வதால் இரத்தக் கசிவு அடைபடுகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க வீரர்களுக்கு இத்தகைய கட்டுகள் பயன்பட்டன. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் தொழில்நுட்பத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

வேறு கழிவுகளும் இப்படிப் பயன்பட்டுள்ளன. 1980-களில் மும்பை மருத்துவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டித் தீக்காயங்களுக்குக் கட்டினர். புண் காய்ந்துபோகாமல் ஈரம் காத்தது அந்தத் தோல். பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் திலாப்பியா மீன் தோலைத் தீக்காயத்தின் மேல் போர்த்துகின்றனர். அதில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு படி உண்டு: கிருமி நீக்கம். சமையலறையிலிருந்து வரும் பச்சை ஓட்டில் கடல் பாக்டீரியாக்கள் இருக்கும். திறந்த புண்ணில் அவை எளிதில் பெருகும். என் மாணவன் தவறவிட்டது இந்தப் படியைத்தான். தவறவிட்டது அவன் அல்ல, நான்.

வகுப்பறையில் செய்து பாருங்கள்: கழுவிய நண்டு ஓட்டுத் துண்டை வினிகரில் போடுங்கள். கார்பன் டைஆக்சைடு குமிழிகள் எழும். ஓரிரு நாளில் ஓடு வளையும் அளவுக்கு மென்மையாகிவிடும். அமிலம், காரம் பாடத்துக்கும் இது உதவும். அடர் காரத்தை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம்.

மணி அடிக்கும் முன் ஒரு வரியும் சொல்லிவிடுங்கள்: காயம் பட்டால் சோப்பும் சுத்தமான தண்ணீரும், பிறகு சுகாதார நிலையம்.