பாலிக்குப் போகுமுன் பஞ்சாங்கம் பாருங்கள்!

"டிக்கெட் வாங்கியாச்சு, ஹோட்டல் அமர்த்தியாச்சு. இன்னும் என்ன பாக்கி?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"நாள் பார்த்தாயாடா?" என்றாள் அம்மா.

"உல்லாசப் பிரயாணத்துக்கு நாள் எதற்கு, கோள் எதற்கு?" என்று சிரித்தேன். 2024-ஆம் வருஷம் மார்ச் மாதம் பாலித் தீவு எனக்குப் பாடம் கற்பித்தது.

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலியில் 43 லட்சம் ஜனங்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஹிந்துக்கள். என் மனைவிக்குக் கடற்கரையும் கடைவீதியும் பார்க்க ஆசை. அம்மாவுக்கோ ஒரே ஆசைதான்: பெசாகி கோயில். ஆகுங் எரிமலைச் சரிவில் இருக்கிறது அது. 1963-இல் அந்த மலை வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோதும், நெருப்புக் குழம்பு கோயிலைத் தொடாமல் விலகிப் போயிற்றாம். அதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைவே இல்லை.

சனிக்கிழமை போய் இறங்கினோம். வீடுதோறும் வாசலில் வளைந்த மூங்கில் கம்பம். அதில் தென்னங்குருத்துத் தோரணம். 210 நாளுக்கு ஒரு முறை வரும் கலுங்கான் பண்டிகைக்காக நட்டவை. ஞாயிறு மாலை 'ஓகோ ஓகோ' என்ற பூதாகாரமான பொம்மைகளை வாலிபர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். வீதியெல்லாம் ஒரே மேளமும் கூச்சலுமாக இருந்தது.

"நாளைக் காலை பெசாகி போகக் கார் எத்தனை மணிக்கு வரும்?" என்று ஹோட்டல் சிப்பந்தியைக் கேட்டேன். அவர் கைகூப்பி, "நாளைக்கு ஞெபி. யாரும் வெளியே போகக் கூடாது" என்றார்.

ஞெபி என்பது அவர்களுடைய சக வருஷப் பிறப்பு. பல வருஷங்களில் நம் யுகாதியை ஒட்டி, அமாவாசைக்கு மறுநாள் வருகிறது. காலை 6 மணி முதல் மறுநாள் 6 மணி வரையில் நெருப்பும் விளக்கும் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையத்தைக்கூட மூடிவிடுகிறார்கள்!

"இவ்வளவு செலவழித்து அறையில் அடைந்து கிடக்கவா வந்தோம்?" என்று என் மனைவி பொருமினாள். இரவு வந்தது. தீவு முழுவதும் இருட்டு. வானத்தில் மட்டும் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பண்டிகை என்றால் நாம் சத்தம் போடுகிறோம். இவர்கள் ஊரோடு வாய் மூடி இருக்கிறார்கள். இதுவும் பூஜைதான்."

மீதி இருந்தது ஒரே நாள். அம்மாவின் கால் வலியை உத்தேசித்து, படியேற்றம் அதிகமில்லாத தீர்த்த எம்புல் ஊற்றுக் கோயிலுக்குப் போனோம். வரிசையாக விழும் நீர்த்தாரைகளின் கீழே ஜனங்கள் தலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண்கள் மூலவரைத் தேடின. உயர்ந்த கல் ஆசனம் ஒன்று காலியாக இருந்தது. அதன் பெயர் பத்மாசனம். விழா நாளில் தெய்வம் இறங்கி வந்து அமர்வதாக அவர்கள் நம்பிக்கை. அம்மா காலி ஆசனத்தைக் கும்பிட்டாள்.

திரும்பும்போது, "பெசாகிக்கு அடுத்த தடவை போகலாம் அம்மா" என்றேன்.

"என் வயசில் அடுத்த தடவை என்று சொல்லக் கூடாதுடா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆகவே, சகோதரிகளே, முதலில் ஞெபி, கலுங்கான் தேதிகளைக் கேட்டுக்கொண்டு பிறகு டிக்கெட் வாங்குங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டார் தலைக்கு 1,50,000 ரூபியா வரி கட்ட வேண்டும். விசா கட்டணம் தனி. தொகையைக் கண்டு மயங்கி விழ வேண்டாம், அது ரூபியாதான்!

கோயிலுக்குப் போகையில் இடுப்பில் சாரோங்கும் அதன்மேல் ஒரு கச்சையும் அவசியம். வீட்டு விலக்கான நாட்களில் பெண்கள் உள்ளே வரக் கூடாதென்று வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள்; அதையும் கணக்கிட்டு நாள் குறிப்பது நல்லது. தரையில் குருத்தோலைத் தட்டில் பூ வைத்திருந்தால் மிதித்துவிடாதீர்கள். அந்த வீட்டுப் பெண் காலையில் வைத்த படையல் அது. உலுவத்து கோயிலில் குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும், ஜாக்கிரதை!

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கோயில் இருக்கும் ஊராயிற்றே என்று நம்பிவிடாதீர்கள். அங்கே விருந்தென்றால் பன்றி இறைச்சி. 'சம்பல்' துவையலிலும் இறால் விழுது கலந்திருக்கும். சோறு, சோயா அவரையில் செய்த தெம்பே, டோஃபு, பழங்கள் தாராளமாகக் கிடைக்கும். கையோடு ஊறுகாய் எடுத்துப் போனால் கவலையே இல்லை.

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் இப்போது ஒரு சீட்டு குத்தியிருக்கிறது. பாலியின் பண்டிகைத் தேதிகள், அம்மாவின் கையெழுத்தில். அந்தத் தேதிகளைப் பார்க்காமல் இனி டிக்கெட் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. பெசாகிக்கு நாள் குறிக்கப்போகிறவளும் அவள்தான்.