புது டிவி வாங்கினாலும் பாக்ஸ் வேணுமா? சிவகாசி வீடுகள் கடந்துவந்த டிஜிட்டல் மாற்றம்

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், தீபாவளிக்கு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுப்பது விருதுநகர் மாவட்டத்தில் இப்போது சகஜம். டிவி வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி எழும்: "இதுக்கும் கேபிள் பாக்ஸ் வேணுமா?" அடுத்த கேள்வி: "டிவியே இவ்வளவு பெருசா இருக்கு, படம் ஏன் கலங்கலா தெரியுது?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில், கடந்த சில ஆண்டுகளில் நம் வீடுகளுக்குள் சத்தமில்லாமல் நடந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

ஆன்டெனா காலம்

கொடைக்கானல் மலை மேல் இருந்த தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டர்தான் ஒரு காலத்தில் தென் மாவட்டங்களுக்கு டிவி. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த தலைமுறை அது. 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைக்கூட உயரமான கம்பமும் பூஸ்டரும் வைத்துப் பிடித்தவர்கள் உண்டு.

பிறகு கேபிள் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 இன்ச் டிவிகள் போய்ச் சேர்ந்தன. பட்டாசு, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள் பலரின் வீட்டில் முதல் கலர் டிவி அதுதான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒயரை டிவியின் பின்னால் செருகினால் போதும், படம் ஓடும். பாக்ஸ் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது.

என்ன மாறியது?

அந்த ஒயரில் வந்தது அனலாக் சிக்னல். ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொள்ளும் இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சேனல்களை அனுப்பலாம். எத்தனை வீடுகளில் இணைப்பு இருக்கிறது என்ற கணக்கும் டிஜிட்டலில் மறையாது. இதற்காகத்தான் 2011-ல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள் முதல் கட்டம். அவற்றுக்குக் கெடு 2012.

அப்போது நகராட்சியாக இருந்த சிவகாசி, விருதுநகர், ராஜபாளையம் போன்ற ஊர்கள் மூன்றாம் கட்டம். 2015 டிசம்பர் என்று இருந்த கெடு 2017 ஜனவரி 31 வரை தள்ளிப்போனது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை போன்ற கிராமப் பகுதிகள் நான்காம் கட்டம். அவற்றுக்குக் கெடு 2017 மார்ச் 31. அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் விநியோகம் தொடங்கியது.

பாக்ஸ் செய்யும் வேலை இரண்டு. சுருக்கி அனுப்பப்படும் டிஜிட்டல் சிக்னலை டிவிக்குப் புரியும் படமாக மாற்றுவது ஒன்று. பணம் கட்டிய சேனலுக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவது இன்னொன்று. அதனால்தான் பழைய இலவச டிவியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் வரவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகியதும் அதுவும் டிஜிட்டலில் ஓடியது.

பில் எகிறிய மாதம்

டிவியை மாற்றாமலே சமாளித்துவிட்டார்கள். கட்டணத்தில்தான் அடி விழுந்தது.

2019 பிப்ரவரி 1 முதல் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை அமலுக்கு வந்தது. 100 சேனல்களுக்கு நெட்வொர்க் கட்டணமாக 130 ரூபாய் வரை வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனியாகப் பணம். 70 ரூபாய்க்குப் பழகிய வீடுகளுக்கு இது பெரிய தாவல்.

சிவகாசி வட்டாரத்துக்கு அது மோசமான நேரமும்கூட. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் பயன்படுத்தத் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம் என்று உத்தரவிட்டது. இந்தக் கட்டுப்பாடுகளில் விலக்கு கேட்டு நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன. சில மாதங்கள் வேலை இல்லை. வாரக்கூலி நின்றுபோன நேரத்தில் கேபிள் பில் ஏறியது.

அரசு கேபிளின் கட்டணம் 220 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று இருந்து, 2019 ஆகஸ்டில் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் எனக் குறைக்கப்பட்டது. அதாவது 259 ரூபாய் 60 காசு, 153 ரூபாய் 40 காசாக இறங்கியது. நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் நீக்கிவிட்டது. எனவே இப்போது ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் கட்டணம் மாறும். விசாரித்துவிட்டு இணைப்பு எடுப்பது நல்லது.

பாக்ஸ் இல்லாத டிவி சாத்தியமா?

ஓரளவு சாத்தியம். சாட்டிலைட் டியூனர் உள்ளேயே பொருத்தப்பட்ட டிவிகளுக்கான தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கிறது. 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அதன் எண் ஐஎஸ் 18112:2022. இப்படிப்பட்ட டிவி இருந்தால், மாடியில் சின்ன டிஷ் ஆன்டெனா வைத்து ஒயரை நேரடியாக டிவியில் செருகி, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் போன்ற பூட்டில்லாத சேனல்களைப் பார்க்கலாம். பாக்ஸும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

ஆனால் ஒரு சிக்கல். சன் டிவி, விஜய் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வராது. சீரியல் பார்க்கும் வீட்டில் இது எடுபடாது. கேபிள் சிக்னல் வேறு, சாட்டிலைட் சிக்னல் வேறு என்பதால், இந்த டியூனர் கேபிள் பாக்ஸின் வேலையையும் செய்யாது.

ஒரு ஆபரேட்டரின் பாக்ஸ் இன்னொருவரிடம் வேலை செய்யாது என்பது அடுத்த தலைவலி. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பாக்ஸ் வேண்டும், எல்லா டிஜிட்டல் டிவிகளிலும் அதற்கான பொதுவான போர்ட் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. நடைமுறையில் இன்றும் ஆபரேட்டரை மாற்றினால் பாக்ஸையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

பழைய ஆன்டெனா வழியாகப் பார்க்கலாமே என்றால், அந்தக் கதவும் கிட்டத்தட்ட மூடிவிட்டது. 2022 மார்ச்சுக்குள் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்துவதாக பிரசார் பாரதி அறிவித்தது. முக்கிய இடங்களில் உள்ள 50 மட்டும் விதிவிலக்கு. ஆன்டெனாவில் டிஜிட்டலாக ஒளிபரப்பும் சேவையை 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து அதில் இருந்தது சென்னை மட்டுமே.

வாங்கும் முன் கவனிக்க

● படம் கலங்கலாகத் தெரிந்தால் டிவி மீது பழி போட வேண்டாம். சாதாரண எஸ்டி பாக்ஸ் தரும் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160 புள்ளிகள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அப்படித்தான் தெரியும். எச்டி பாக்ஸுக்கு மாறி, எச்டி சேனலைத் தேர்ந்தெடுத்து, எச்டிஎம்ஐ ஒயரில் இணைக்க வேண்டும்.

● புது டிவிகள் சிலவற்றில் மூன்று வண்ண ஒயருக்குத் தனித்தனி ஓட்டைகள் இருக்காது. ஒரே சின்ன ஓட்டைதான். அதற்கான இணைப்பு ஒயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

● 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. 32 இன்ச் வரை ஏற்கெனவே 18 சதவீதம்தான். எனவே 32 இன்ச் டிவிக்கு "வரி குறைஞ்சிருச்சு" என்று ஆஃபர் சொன்னால் யோசியுங்கள்.

● ஸ்மார்ட் டிவி என்பது இணையம் இருந்தால்தான் ஸ்மார்ட். வீட்டில் வைஃபை இல்லை, அம்மா பார்ப்பது நான்கு சேனல்தான் என்றால், பெரிய டிவியைவிட எச்டி பாக்ஸ்தான் முதல் தேவை.

● பழைய குண்டு டிவியைக் குப்பையில் போடவோ, செம்புக் கம்பிக்காக உடைக்கவோ கூடாது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே நல்லது. எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளும் கடையிடம், அது எங்கே போகிறது என்று கேட்பதில் தவறில்லை.

மொத்தத்தில், டிவியை மாற்றுவது ஒரு செலவு. சிக்னலை மாற்றுவது இன்னொரு செலவு. வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால், எந்தச் செலவு தேவை என்பது தெரிந்துவிடும். டிவி விலை ஒரு தடவை கட்டுவது. கேபிள் பில் மாதாமாதம் வரும். பட்டாசு ஆலை மூடிக் கிடக்கும் மாதத்திலும் வரும்.