3,999 மில்லிமீட்டரும் பரனூர் டோல்கேட்டும்

மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஈகோஸ்போர்ட் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். 2013-இல் சந்தைக்கு வந்த அந்தக் காரின் நீளம் 3,999 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க வைத்தது வரி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார்கள். அன்றோடு நம் நாட்டுக் கார்களின் பின்பக்கம் வளர்வதை நிறுத்திக்கொண்டது. இண்டிகோ சி.எஸ்., 2012-இல் வந்த டிசையர் என்று டிக்கி நறுக்கப்பட்ட செடான்கள் வரிசையாக வந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தால் வால் வெட்டிய நாய் ஞாபகம்தான் வரும். வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நான்கு மீட்டர் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி வரை உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதைத் தாண்டினால் 40. வரிக்கும் சாலைக்கும் ஒரே பெயர் அமைந்த பொருத்தம் செங்கல்பட்டுக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்தது.

இந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவர் மூன்று இடத்தில் காசு கொடுக்கிறார். முதலாவது மேலே சொன்னது, காரின் விலைக்குள்ளேயே ஒளிந்திருப்பது. இரண்டாவது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டும் லைஃப் டாக்ஸ். மூன்றாவது டோல். கோபம் எல்லாம் மூன்றாவதன் மேல்தான். ஆனால் பெரிய தொகை கைநழுவுவது பெரும்பாலும் இரண்டாவதில், அதுவும் ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது.

தமிழகத்தில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸ் உயர்ந்தது. கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி கூடுதல் தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைத்துவிடாதீர்கள். முழு விலைக்கும் அந்த விகிதம்தான். 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் 53,100. "இருபதாயிரம்தானே சார், அலாய் வீலோட டாப் மாடலே எடுத்துடுங்க" என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆன்-ரோடு விலை என்று மொத்தமாக ஒரு எண்ணைச் சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டிய வரிக்கான அரசு ரசீது தனியாக வரும். ஷோரூம் வாங்கிய தொகையும் அதிலுள்ள தொகையும் ஒன்றா என்று பாருங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கூடுதலாக வாங்கியிருந்தால் செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

வரியைப் பார்த்து மிரண்டு புதுச்சேரிக்கு ஓடுபவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் ஐந்து ரதம் பக்கம் நின்றால் பி.ஒய். எண் வண்டிகளை எண்ணி மாளாது. அவர்களில் பெரும்பாலோர் நிஜப் புதுச்சேரிக்காரர்கள், அவர்களை விடுங்கள். இங்கே குடியிருந்துகொண்டு அங்கே ஒரு பொய் விலாசம் கொடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. கேரளத்தில் 2017-இல் சில திரை நட்சத்திரங்களின் கார்களே இந்த விவகாரத்தில் மாட்டின.

இனி பரனூர். தாம்பரம்–திண்டிவனம் சாலையில் இந்த டோல்கேட் மேல் மக்களுக்கு உள்ள கடுப்பு புதிதல்ல. 2020 ஜனவரி 26 அதிகாலையில் ஒரு அரசுப் பேருந்து ஓட்டுநருக்கும் ஊழியர்களுக்கும் நடந்த தகராறு முற்றி, சாவடிகள் அடித்து நொறுக்கப்பட்டன. 2023-இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையோ, ஏறத்தாழ ஒரு வருட காலத்தில் பரனூரைக் கடந்த வாகனங்களில் பாதிக்கும் மேல் கட்டண விலக்குப் பெற்றவை என்று கணக்கில் காட்டப்பட்டதைச் சுட்டியது. பாதி வண்டியில் வி.ஐ.பி. போனால் ஊர் தாங்குமா?

கோபம் நியாயம்தான். ஆனால் கண்ணாடியை இறக்கி, கூண்டுக்குள் இருக்கும் பையனிடம் நாம் பேசும் சட்டம் பல நேரம் காலாவதியானது. "மஞ்சக் கோட்டைத் தாண்டி நூறு மீட்டர் க்யூ நின்னா ஃப்ரீயா விடணும்" என்பது 2021-இல் நெடுஞ்சாலை ஆணையம் போட்ட வழிகாட்டுதல்; 2024-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வாட்ஸப்பில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பையனுக்கும் மாதச் சம்பளம்தான். கேட்டைத் தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற இடத்தில் அவன் இல்லை.

உண்மையில் இருக்கிற உரிமைகளை யாரும் கேட்பதில்லை. உங்கள் ஃபாஸ்டாக் சரியாக, போதிய பணத்தோடு இருந்து, சாவடியின் கருவி படிக்காமல் போனால் கட்டணமே இல்லாமல் விட வேண்டும். பூஜ்ய ரூபாய் ரசீதும் தர வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு போல 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்த உபயோகக் காருக்கு மாத பாஸ் உண்டு. 2025-26-இல் அது 350 ரூபாய். சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் மறுக்கலாம் என்று விதியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அதனால் ஆர்.சி.யும் விலாசச் சான்றும் வைத்து எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். தப்பாகப் பணம் எடுத்துவிட்டால் 1033, பிறகு ஃபாஸ்டாக் கொடுத்த வங்கி, அங்கேயும் முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு, 200 பயணத்துக்கு என்று வருடாந்திர பாஸ் வந்தது. அது தேசிய நெடுஞ்சாலைக்கு. மாமல்லபுரம் போகிற வழியில் ஈ.சி.ஆர். உத்தண்டியில் இருப்பது மாநில நிறுவனத்தின் டோல். அங்கே பாஸ் செல்லாது, ஃபாஸ்டாக்கிலிருந்து வழக்கம்போலப் பணம் போகும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அங்கே சண்டை போட்டுப் பயனில்லை.

சாலையே மோசம் என்றால்? அதற்கு இடம் உயர் நீதிமன்றம். கேரளத்தில் பாலியேக்கரை டோல்கேட்டில் வசூலை 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அக்டோபரில் வசூல் மறுபடி தொடங்கியது உண்மை. ஆனாலும் இரண்டு மாதம் கேட் திறந்திருந்தது, ஒரு கண்ணாடியும் உடையாமல்.

பழைய காரை விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எங்கள் தெருவில் ஒருவர் காரைத் தெரிந்தவருக்குக் கொடுத்தார், கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டையும் கொடுத்தார், மறந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து விடியற்காலை அவர் போனுக்கு டோல் பிடித்த எஸ்.எம்.எஸ். கார் எங்கோ தெற்கே ஓடிக்கொண்டிருக்கிறது, பணம் இவருடையது. ஃபாஸ்டாக்கை இவர் ரத்து செய்யவில்லை. ஆர்.சி.யும் இன்னும் இவர் பெயரில்தான். எழுபது ரூபாய் போனால் போகட்டும். அதே கார் விடியற்காலையில் யாரையாவது இடித்திருந்தால்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விட்டால் 29சி படிவம் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து வண்டிக்குப் பொறுப்பு அவர்.

எங்கள் தெருக்காரர் அன்று காலை பத்து மணிக்கு முதலில் போனது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. வங்கிக்கு அப்புறம்தான் போனார்.