கேட்காமல் வந்த நோன்பு

மூன்று சொட்டு திராட்சை ரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். உள்ளங்கைதான் கிண்ணம், அதுவேதான் பீடம். வியட்நாம் சிறையில் ஆயர் நுயென் வான் துவான் தினமும் திருப்பலி நிறைவேற்றியது இப்படித்தான். 'வயிற்று வலிக்கு மருந்து' என்று சீட்டு ஒட்டி ரசத்தை அனுப்பிவைத்தார்கள் வெளியே இருந்த விசுவாசிகள். அப்பம் டார்ச் விளக்குக்குள் ஒளிந்து வந்தது.

1975 ஏப்ரலில் அவரை சைகோனுக்கு நியமித்தார் திருத்தந்தை. ஒரே வாரத்தில் நகரம் கம்யூனிஸ்டுகள் வசமானது. தென் வியட்நாமின் முதல் அதிபர் அவருடைய தாய்மாமன். சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் கைது. விசாரணையே இல்லாமல் 13 ஆண்டுகள், அதில் ஒன்பது தனிமைச் சிறை.

தவக்காலத்தில் எதை விடுவதென்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கறி வேண்டாம், சினிமா வேண்டாம். (ஈஸ்டர் பிரியாணிக்கு மனசு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.) துவானைக் கேட்டு யாரும் எதையும் பறிக்கவில்லை. பாதியில் நின்றுபோன பணிகளை நினைத்துத் தூக்கமில்லாமல் தவித்தார். ஓர் இரவில்தான் உறைத்தது: தான் இறுகப் பிடித்திருந்தது கடவுளின் வேலைகளை, கடவுளை அல்ல.

காவலர்கள் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சிரித்தார், தான் பார்த்த நாடுகளைப் பற்றிச் சொன்னார், ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றுக்கொடுத்தார். கைதியோடு ஒட்டிவிடக் கூடாதென்று இரண்டு வாரத்துக்கொரு முறை ஆளை மாற்றிய அதிகாரிகள், இப்படியே போனால் எல்லாரையும் கெடுத்துவிடுவார் என்று பயந்து மாற்றுவதையே நிறுத்தினார்கள்!

ஒருநாள் ஒரு காவலர் கண்டும் காணாமல் இருக்க, மரத்துண்டில் சிறு சிலுவை வெட்டி சோப்புக்கட்டிக்குள் மறைத்தார். பிறகு வேறொரு சிறையில் மின்கம்பி கேட்டார். தற்கொலைக்கோ என்று அங்கிருந்த காவலர் பதறினார். சிலுவைக்குச் சங்கிலி செய்யத்தான் என்று துவான் விளக்கிய பின் அந்தக் காவலரே குறடுகளோடு வந்தார். நான்கு மணி நேரம் இருவரும் சேர்ந்து முறுக்கினார்கள். பிடிபட்டால் வேலையோடு போகுமா என்று தெரியாமல் உட்கார்ந்த அந்தக் காவலர்தான், என் கணக்கில், அன்று அதிகம் கொடுத்தவர்.

2000 மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. திருச்சபையின் பாவங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டிய நாள். அன்று மாலை வத்திக்கானில் தொடங்கிய தவக்காலத் தியானத்தில், திருத்தந்தைக்கே உரை வழங்கியவர் அந்த முன்னாள் கைதி. கழுத்தில் மின்கம்பிச் சங்கிலி.