சுவரெழுத்து: கலையா, நாசவேலையா? ஒரு வினாவின் அமைப்பு பற்றிய சில சிந்தனைகள்

முன்னுரை

சுவர்களில் எழுதுவதும் வரைவதும் கலையா, நாசவேலையா என்னும் தலைப்பு நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சொற்போருக்கும் கட்டுரைக்கும் அடிக்கடி கொடுக்கப்படுவதாகும். ஒரு சாரார் அழகையும் கருத்துரிமையையும் எடுத்துரைப்பர். மறு சாரார் தூய்மையையும் பொதுச்சொத்தையும் முன்னிறுத்துவர். நடுவர், அளவோடு இருந்தால் கலை என்று தீர்ப்பளித்து அனைவரையும் வீட்டிற்கு அனுப்பிவைப்பார். இவ்வினாவின் அமைப்பிலேயே ஒரு பிழை உள்ளது என்பது நம் கருத்து. தமிழர் இருவர் தம் பெயர்களைப் பழஞ்சுவர்களில் எழுதிச்சென்ற இரு நிகழ்வுகளை அருகருகே வைத்து நோக்கும்போது அப்பிழை தெளிவாகப் புலப்படுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கிராஃபிட்டி என்னும் சொல் கீறல் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று தோன்றியது. பானையோடுகளில் காணப்படும் குறிகளைத் தமிழகத் தொல்லியலார் 'கீறல்கள்' என வழங்குவது இவ்வகையில் மிகப் பொருத்தமானது. எனினும் அதே சொல் நாளிதழ்ச் செய்தியில் 'சுவர்க்கிறுக்கல்' ஆகிவிடுகிறது. சுற்றுலாக் கையேட்டில் 'சுவரோவியம்' ஆகிறது. கிறுக்கல் என்றவுடன் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. ஓவியம் என்றாலும் அவ்வாறே. எனவே, இக்கட்டுரையில் 'சுவரெழுத்து' என்னும் நடுநிலைச் சொல்லையே நாம் கையாள்கிறோம். வரையப்படுவனவும் இதில் அடங்கும். நாசவேலையைக் குறிக்கும் 'வேண்டலிசம்' என்னும் மேலைச்சொல், உரோமாபுரியை 455ஆம் ஆண்டில் சூறையாடிய வேண்டல் இனத்தாரின் பெயரடியாகப் பிறந்தது. 1794இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது கலைச்செல்வங்கள் அழிக்கப்படுவதைக் கண்டித்த ஆபே கிரெகுவார் அச்சொல்லைப் பரவச் செய்தார். பழம்பொருள்களைக் காக்கவேண்டும் என்ற கவலையிலிருந்து இச்சொல் பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டு பெயர்கள்

எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைகளில், கி.பி. முதற்சில நூற்றாண்டுகளைச் சார்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் கண்டறியப்பட்ட செய்தி 2026ஆம் ஆண்டில் வெளியானது. சார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ரௌக் ஆகிய அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்தனர். சிகை கொற்றன் என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. உரோமானியர் காலத்தில் அப்பள்ளத்தாக்கு ஒரு சுற்றுலாத்தலமாகவே விளங்கியது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பயணிகள் எழுதிச்சென்ற ஈராயிரத்திற்கும் மேற்பட்ட கீறல்களைப் பிரெஞ்சு அறிஞர் ஷூல் பாயே 1920களில் தொகுத்து வெளியிட்டார். கொற்றன் அப்பயணிகளுள் ஒருவர். அவர் அங்குச் சென்றபோதே அக்கல்லறைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையனவாக இருந்தன. அவர் எவரிடம் அனுமதி பெற்றார்? அவ்வினாவை நம்மில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. செய்தியறிந்து நாமும் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கிறோம்.

இனி, இலங்கையின் சிகிரியாவுக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் அமைத்த அக்குன்றுக் கோட்டையில், முகம் தெரியுமளவிற்கு மெருகேற்றப்பட்ட சுண்ணச்சாந்து பூசிய சுவர் ஒன்றுள்ளது. கண்ணாடிச்சுவர் என்பது அதன் பெயர். கோட்டை தன் அரசியல் முதன்மையை இழந்த பின்னர், குன்றின் பாறையில் தீட்டப்பட்ட பெண்ணோவியங்களைக் காண வந்தோர் பல நூற்றாண்டுகளாக அச்சுவரில் தம் கருத்துகளைச் செய்யுளாகக் கீறிச்சென்றனர். பிக்குகள், படைவீரர், அரசு அலுவலர், பெண்டிர் எனப் பலரும் எழுதியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை. செனரத் பரணவிதான 685 செய்யுள்களைப் படித்துணர்ந்து 1956இல் பதிப்பித்தார். பழஞ்சிங்களக் கவிதைக்கும் எழுத்துவளர்ச்சிக்கும் இதற்கு ஈடான சான்றுத்தொகுதி அரிது. ஓவியத்துப் பெண்களின் அழகில் மயங்கியவரும் உளர். அவர்களது மௌனத்தைக் கண்டு சினந்தவரும் உளர். பெண்ணொருத்தி பொறாமையோடு எழுதியதும் உண்டு. மெருகேற்றப்பட்ட ஓர் அரசச்சுவரைக் கீறிக்கெடுத்த செயலே இன்று அச்சுவரின் பெரும்புகழுக்குக் காரணமாக அமைந்துள்ளது.

அதே சுவரில், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மட்டக்களப்புப் பகுதியிலிருந்து உடன்பணிபுரிவோருடன் சுற்றுலா வந்த இளம் தமிழ்ப்பெண் ஒருவர் தம் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எளிய குடும்பத்தைச் சார்ந்த அவருக்காகப் பலர் குரல்கொடுத்தனர். அதிபர் மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு வழங்க, அவ்வாண்டிலேயே அவர் விடுதலை பெற்றார். அதற்குள் சில வாரங்கள் சிறையில் கழிந்துவிட்டன.

கொற்றனும் இப்பெண்ணும் செய்தது வடிவத்தால் ஒரே செயலே. இருவரும் தொலைவிலிருந்து வந்தனர். பழஞ்சுவர் ஒன்றைக் கண்டனர். தம் பெயரை எழுதினர். ஒருவர் நம் பண்பாட்டு வரலாற்றின் சான்றாகிறார்; மற்றவர் குற்றவாளியாகிறார். காலம் கடந்ததால் கொற்றன் எழுதியது கலையாகிவிட்டதா? இல்லை. அவரது பெயரில் கலைநயம் எதுவுமில்லை. அது சான்று மட்டுமே. சிகிரியாச் செய்யுள்களுள் சில உயர்ந்த கலை; ஆயினும் அவையும் அச்சுவரைச் சிதைத்தே தோன்றியவை. ஆகவே, கலை என்பதும் நாசம் என்பதும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல. முன்னது செய்பொருளின் தரம் பற்றியது. பின்னது, எழுதப்பட்ட பரப்புக்கும் அதற்கு உரியோருக்கும் விளைந்த ஊறு பற்றியது. ஒரே கீறல் இரண்டுமாக இருக்கலாம், இரண்டுமற்றதாகவும் இருக்கலாம். 1967இல் சிகிரியா ஓவியங்களின்மீது எவரோ சாயத்தை அப்பியதைப் போன்ற செயல்கள் நாசம் மட்டுமே ஆகும். அங்கு விவாதத்திற்கு இடமில்லை.

அப்பெண் செய்தது தவறன்று என நாம் வாதிடவில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரவர் வந்துசெல்லும் இடத்தில், ஒவ்வொருவரும் தம் பெயரைக் கீறினால் பரணவிதான படித்த செய்யுள்கள் எஞ்சா. தடை தேவை. ஆனால் இரண்டாண்டுச் சிறை என்பது ஊற்றின் அளவை நோக்கி விதிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. அது சுவரின் புனிதத்தை நோக்கி விதிக்கப்பட்டது.

சிங்கப்பூர்ச் சட்டம் எதை அளக்கிறது?

நம் வட்டாரத்தில் இப்பொருள் பற்றிப் பேசுவோர் சிங்கப்பூரின் 1966ஆம் ஆண்டு நாசவேலைச் சட்டத்தைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. உரியவரின் எழுத்துவழி அனுமதியின்றிச் சுவரில் எழுதுதல், வரைதல், சுவரொட்டி ஒட்டுதல் முதலியன இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அத்துடன் 3 முதல் 8 வரை பிரம்படி என்பது தண்டனை. அது பிறந்த சூழல் பலரும் மறந்தது. அக்காலத்தில் பாரிசான் சோசலிஸ் கட்சியினர் வியட்நாம் போரில் அமெரிக்காவைக் கண்டித்துச் சுவர்களில் முழக்கங்களை எழுதிவந்தனர். சட்டவியல் ஆய்வாளர் ஜோதி ராஜா 2012இல் வெளியிட்ட நூலில் இப்பின்னணியை விரிவாக ஆராய்ந்துள்ளார். தூய்மை பற்றிய சட்டமாக இன்று அறியப்படுவது, அரசியல் எழுத்தை எதிர்கொள்ளும் சட்டமாகவே தொடங்கியது.

அச்சட்டத்தில் நம் கவனத்தை ஈர்த்த நுட்பம் ஒன்றுண்டு. பென்சில், வண்ணமெழுகு, சுண்ணக்கட்டி போன்ற எளிதில் அழியக்கூடிய பொருளால் எழுதியவருக்கு முதற்குற்றத்தின்போது பிரம்படி இல்லை. எழுதப்பட்டது அழகானதா, என்ன சொல்கிறது என்பனவற்றைச் சட்டம் கேட்பதில்லை. அழியுமா என்பதையே கேட்கிறது. ஒரு சட்டம் அழகை மதிப்பிடாதிருப்பது நல்லதே. நீதிபதி கலைவிமர்சகர் அல்லர். ஆயினும் எழுத்து நிலைத்து நிற்கும் தன்மை எதுவோ, அதுவே கொற்றனை நமக்குச் சான்றாக்கியது. அதுவே இங்குத் தண்டனையைக் கடுமையாக்குகிறது.

2010ஆம் ஆண்டு மே மாதம், சாங்கிப் பணிமனையின் வேலியை வெட்டி நுழைந்த இருவர் ரயில்பெட்டிகளில் சாயம் தெளித்து எழுதினர். பிடிபட்ட சுவிட்சர்லாந்து நாட்டவருக்கு ஐந்து மாதச் சிறையும் மூன்று பிரம்படிகளும் விதிக்கப்பட்டன. அவரது மேல்முறையீட்டின்பின் சிறைக்காலம் ஏழு மாதமாக உயர்ந்தது. எழுதப்பட்ட நிலையிலேயே அந்த ரயில் பயணிகளுடன் ஓடியது. கண்ட ஊழியர்கள் அதனை விளம்பரம் எனக் கருதிவிட்டனர் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. பெட்டி முழுவதையும் மூடும் விளம்பரங்களுக்குப் பழகிய கண்களுக்கு வேறுபாடு தெரியாமற்போனதில் வியப்பில்லை. வேறுபாடு எழுத்தில் இல்லை, அனுமதிக்கடிதத்தில் இருந்தது.

2012இல் நிகழ்ந்தது வேறுவகையானது. இளம்பெண் கலைஞர் ஒருவர் 'மை கிராண்ட்பாதர் ரோடு' என்னும் தொடரைச் சாலைகளில் அச்சுத்தகட்டின்வழி சாயமிட்டுப் பதித்தார். சாலைவிளக்குப் பொத்தான்களில் வேடிக்கையான ஒட்டிகளை ஒட்டினார். 'இது என்ன உன் தாத்தா வீட்டுச் சாலையா?' என்று சிங்கப்பூரில் வழக்கமாகக் கேட்கும் தொடரின் தலைகீழ் வடிவமே அது. 'உன் அப்பன் வீட்டுச் சொத்தா?' என நம் பேச்சுத்தமிழ் கேட்பதும் இதுவே. பொது இடம் யாருடையது என்னும் வினா அந்தச் சாலையின் மீதே எழுதப்பட்டது. அவர்மீது நாசவேலைச் சட்டம் பாயவில்லை. குற்றவியல் சட்டத்தின்கீழ்ச் சேதம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013இல் 240 மணிநேரச் சமூகசேவை விதிக்கப்பட்டது. பொதுமக்களின் பரிவு வழக்கின் போக்கில் இடம்பெற்றதா என்பதை நாம் உறுதிகூற இயலாது. எனினும் பிரம்படிக்கும் சமூகசேவைக்கும் இடைப்பட்ட தூரம் பெரிது. அத்தூரத்தை அளந்தது கலையின் தரம் அன்று, குற்றச்சாட்டின் பிரிவு.

ஒரே கை, இரு நகரங்கள்

லிட்டில் இந்தியாவில் 2015 முதல் நிறுவன ஆதரவுடன் வரையப்பட்ட சுவரோவியங்களுள் கிளிசோதிடரும் பூத்தொடுப்போரும் இடம்பெற்றுள்ளனர். அவை அழகியவை, அனுமதி பெற்றவை, அவற்றைப் பற்றி எவரும் சொற்போர் நடத்துவதில்லை. மலேசியாவில் நிகழ்ந்ததே கூடுதல் பாடம் தருவது. லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸகாரவிச், 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவிற்காக வரைந்த மிதிவண்டிச் சிறுவர் ஓவியம் பினாங்கின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவரே ஜொகூர் பாருவில் ஒரு சுவரின் மூலையில் லெகோ பொம்மை வடிவில் இருவரை வரைந்தார். ஒருபுறம் கைப்பையுடன் நடந்துவரும் பெண். மூலைக்கு மறுபுறம் கத்தியுடன் காத்திருக்கும் திருடன். லெகோலேண்ட் பூங்கா ஜொகூரில் திறக்கப்பட்டு ஓராண்டே கடந்திருந்தது என்பதால் அதன் குறும்பு எவருக்கும் புரிந்தது. நகரின் பெயர் கெடும் என்று கருதிய மாநகர் மன்றம் சில நாள்களில் அதனை வெள்ளைச்சாயம் பூசி மறைத்தது. அதற்குமுன் எவரோ ஒரு காவலர் பொம்மையையும் அருகில் சேர்த்திருந்தார். வழிப்பறிக்கு அஞ்சியிருந்த நகரமக்கள் அவ்வோவியத்திற்குத் தந்த மறுமொழி எனவே அதனைக் கொள்ளலாம்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் அடுத்தமுறை இத்தலைப்பை வழங்கும்போது அதனை இரண்டாகப் பிரித்து வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. ஜொகூர் பாருச் சுவரில் வரையப்பட்டது சிறந்த கலையா என்பது ஒரு வினா. அதனை அழித்தது முறையா என்பது மற்றொரு வினா. இரண்டிற்கும் 'ஆம்' என விடையளிக்கும் மாணவர் முரண்படுகிறார் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாகாது. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்பது நம் விடை. அச்சுவருக்கு விளைந்த ஊறு ஒரு வாளிச் சாயத்தில் தீரக்கூடியது. வழிப்பறி பற்றிய அச்சம் அவ்வாறு தீர்ந்ததாகத் தெரியவில்லை.