உஷார்! இடது கட்டைவிரல் பத்திரம்

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நாகசுரத்தோடு சாக்ஸபோனையும் கையில் எடுக்கும் தம்பிகளே, உஷார்! பங்குனிப் பொங்கலும் வைகாசி முகூர்த்தமும் வந்துவிட்டால் இதைக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது.

நாகசுரத்தில் இடது கட்டைவிரல் குழலைத் தாங்கினால் போதும். தாரஸ்தாயிக்கு ஏறுவதை மூச்சும் சீவாளியைக் கவ்வும் உதடும் பார்த்துக்கொள்ளும். அதே பிடியோடு சாக்ஸபோனுக்கு வந்தால் வினைதான். அங்கே பாரத்தைச் சுமப்பது கழுத்துப் பட்டை. இடது கட்டைவிரலின் வேலை, மேல்ஸ்தாயிக்கு ஏற்றும் ஆக்டேவ் கீயை இயக்குவது. பலர் அந்த விரலைத் தூக்கித் தூக்கி அடிக்கிறார்கள். கூடவே கூடாது! விரல் தன் மேடையிலேயே சற்றுச் சாய்வாகப் படிந்திருக்க வேண்டும். நுனியை லேசாக உருட்டினாலே கீ இறங்கிவிடும்.

சோதனை வருவது, எந்த விரலும் மூடாத சி ஷார்ப்பிலிருந்து ஆறு விரலும் மூடும் டிக்குப் போகையில். அந்த ஆறோடு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் இறங்கியாக வேண்டும். இம்மி பிந்தினாலும் சுரம் கீழ்ஸ்தாயியில் விழுந்து உறுமும். அந்த இடத்தில் கமகம் அசைத்தால் கேட்கவே வேண்டாம். கத்ரி கோபால்நாத்தும் நாகசுரக் குடும்பத்துப் பிள்ளைதான். அவர் சாக்ஸபோனில் கமகத்தைக் குழைத்துக் காட்டினார். முடியாத காரியம் இல்லை.

கிளாரினெட்காரர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அங்கே கட்டைவிரல் துளையையும் மூட வேண்டும், கீயையும் அமுக்க வேண்டும். கீழ் சட்ஜத்தில் அதை அமுக்கினால் மேல் சட்ஜம் வராது, அதற்கும் மேலான பஞ்சமம் வரும்.

கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரமாகச் சுரீர் என்று இழுக்கிறதா? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த ஊர்வலத்துக்கு ஓடாதீர்கள். தசைநார் உறை வீங்கியிருக்கலாம். 1895-லேயே தெ கெர்வெய்ன் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்த நோய் அது. வாசிப்பை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சாக்ஸபோனைப் பூட்டும்போது கழுத்துக் குழாயை மேலேயுள்ள கீயோடு சேர்த்து அமுக்கித் திருகவே கூடாது. வளையம் வளைந்துவிடும். இன்றே பாருங்கள்: ஜி பிடித்துக்கொண்டு ஆக்டேவ் கீயைத் தட்டினால் கழுத்திலுள்ள மூடி அசையக் கூடாது, மோதிரவிரலை எடுத்து ஏ பிடித்தால் திறக்க வேண்டும். மாறி நடந்தால் நீங்களே நெம்பாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டு அச்சாரம் வாங்குங்கள்.