லாலு: கட் அடிக்க முடியாத க்ளாஸ்!

2006 செப்டம்பர். அகமதாபாத் ஐ.ஐ.எம்.-ல பாடம் நடத்த ஒருத்தர் வந்தார். புரொஃபசர் இல்லை பாஸ்... ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ்!

கடன் வலையில சிக்கப்போகுதுன்னு 2001-ல ஒரு கமிட்டியே எச்சரிச்ச ரயில்வே, இவர் காலத்துல (2004-2009) லாபம் காட்டுச்சு. டிக்கெட் விலையை ஏத்தலை. சரக்கு வேகன்ல கூடுதல் லோடு ஏத்தினாங்க, அவ்வளவுதான் சூத்திரம். (தண்டவாளம் தாங்குமான்னு என்னை மாதிரி இன்ஜினீயரிங் பசங்க கேட்போம்ல... அந்தக் கேள்வி அப்பவே இருந்துச்சு.) காட்டின அளவுக்கு லாபம் இல்லைன்னு 2009-ல மம்தா பானர்ஜி வெள்ளை அறிக்கையே விட்டார்.

சரி, இந்த மனுஷன் எங்கிருந்து வந்தார் தெரியுமா? நம்மள மாதிரி காலேஜ்லேர்ந்துதான். 1973-ல பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர். அடுத்த வருஷம் ஊழலை எதிர்த்து பீகார் மாணவர்கள் தெருவுக்கு வந்தப்போ, ஜெயப்பிரகாஷ் நாராயண் பின்னால நின்னவர். எமர்ஜென்சியில ஜெயில். பொறந்த மகளுக்கு மிசா பாரதின்னு பேர் வெச்சார். ஆமா, நம்ம ஊர் தலைவர்களும் உள்ளே போன அதே மிசா! 1977-ல, 29 வயசுல எம்.பி. 1990-ல முதல்வர். அதே வருஷம் அத்வானியோட ரத யாத்திரையை சமஸ்திபூர்ல நிறுத்தி, அவரைக் கைது பண்ணினார்.

ஊழலை எதிர்த்த அந்த மாணவர் தலைவர் ஆட்சியிலதான், 1996-ல மாட்டுத் தீவன ஊழல் வெடிச்சது. வாங்காத தீவனத்துக்கு அரசுக் கருவூலத்துலேர்ந்து பணம். லாரியில ஏத்தினதா பில்லு... நம்பரைத் தேடினா சிலது ஸ்கூட்டராம்! 1997-ல பதவி விலகினவர், மனைவி ராப்ரி தேவியை முதல்வர் நாற்காலியில உட்கார வெச்சார். 2013-ல முதல் தீர்ப்பு: 5 வருஷம் சிறை, எம்.பி. பதவியும் காலி. 2022-க்குள்ள மொத்தம் 5 வழக்குல குற்றவாளின்னு கோர்ட் சொல்லிடுச்சு.

ஜோக்கர்னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, 2015 சட்டசபைத் தேர்தல்ல நிற்கவே முடியாத அவரோட கட்சிக்கு 80 சீட். அந்தச் சபையிலேயே பெரிய கட்சி அதுதான்! மேல்சாதிக்காரர் முன்னால உட்காரவே தயங்கின ஜனங்க, நிமிர்ந்து உட்கார்ந்தது லாலு காலத்துலன்னு பீகார்ல பலரும் சொல்றாங்க. அந்த ஓட்டை முட்டாள்தனம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. களவு போன தீவனக் காசும் அதே ஜனங்களோடதுதானேன்னு கேட்காம இருக்கவும் முடியலை. உங்க கேன்டீன்ல இதை எப்படிப் பேசுவீங்க?